கடைசி ஸப்பில் ஒரு கதிரை

எங்கள் பகுதிப் பள்ளிவாசல்களில் ஸப்பின் ஓரமாக நான்கைந்து பிளாஸ்டிக் கதிரைகள் போடப்பட்டிருப்பதை இன்று எல்லோரும் காண்கிறோம். அவற்றில் அமர்ந்து தொழுபவர்களில் பெரும்பாலானோர் வயோதிபர்கள். நரைத்த தாடியும் நடுங்கும் கரங்களும் கொண்ட ஒருவர் கதிரையை இழுத்துப் போட்டால் யாரும் எதுவும் நினைப்பதில்லை. ஆனால், பார்வைக்குத் திடகாத்திரமாகத் தெரியும் நாற்பது வயதுக்காரர் ஒருவர் அதில் அமரும்போது, பக்கத்தில் நிற்பவரின் கண் ஒரு கணம் திரும்பத்தான் செய்கிறது. ‘இவருக்கு என்ன வந்தது?’ என்று அந்தக் கண் கேட்கிறது.

அந்தக் கதிரையில் 12 ஆண்டுகளுக்கும் மேலாக அமர்ந்து வருபவன் நான். திருகோணமலைத் துறைமுகத்துக்கு இக்கரையில், கிண்ணியாப் பக்கத்தில், பாடசாலையில் இஸ்லாம் பாடம் கற்பிக்கும் மௌலவி ஆசிரியன். சட்டையைக் கழற்றினால் என் முதுகில் ஒரு சாண் நீளத் தழும்பு தெரியும். ஆனால் அன்றாடம் என்னை வருத்துவது அந்தத் தழும்பு அல்ல. அதற்கு உள்ளே, எவர் கண்ணிலும் படாத நரம்புகளில் ஏற்பட்ட சேதம். என்னைப் போன்றவர்கள் எத்தனையோ வீடுகளில் இருக்கிறார்கள். அவர்களைப் பராமரிக்கும் தாய்மாரும் மனைவிமாரும் பிள்ளைகளும், அவர்களோடு ஒரே ஸப்பில் நிற்கும் சகோதரர்களும் வாசிக்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

மையித்துப் பலகையில் ஓர் உயிர்

2013 ஜூலை மாதம். ரமழானுக்கு இன்னும் சில நாட்களே இருந்தன. கச்சான் காற்று வீசிக் கொண்டிருந்தது. மஹல்லாவாசிகள் சேர்ந்து பள்ளிவாசலைக் கழுவிச் சுத்தம் செய்து கொண்டிருந்தோம். கூரைக்கு மேலிருந்த தண்ணீர்த் தாங்கியைப் பார்க்க நான் ஏறினேன். இறங்கி வரும்போது ஏணியின் படி ஒன்று முறிந்தது. சுமார் 12 அடி உயரத்திலிருந்து சீமெந்துத் தரையில், இருந்த வாக்கிலேயே விழுந்தேன். நினைவு தப்பவில்லை. இரத்தமும் இல்லை. ஆனால் இடுப்புக்குக் கீழே எனக்கு ஒன்றுமே இல்லாதது போல் இருந்தது.

இளைஞர்கள் ஓடி வந்தார்கள். ஒருவர் கக்கத்தில் கை கொடுக்க, இன்னொருவர் கால்களைப் பிடிக்க, என்னைத் தூக்கி முச்சக்கர வண்டியில் ஏற்றப் பார்த்தார்கள். எல்லாம் அன்பினால்தான். அப்போது எங்கள் மஹல்லாவில் குடியிருந்த, ஓய்வுபெற்ற ஆண் தாதி ஒருவர் சத்தம் போட்டார்: “ஒருத்தரும் தூக்காதீங்க! தலைய அசைக்காதீங்க! மையித்துக் குளிப்பாட்டுற பலகையக் கொண்டாங்க!”

எல்லோரும் திகைத்து நின்றார்கள். “உசிரோட இருக்கிற மனுசன அதுலயா ஏத்துற?” என்று ஒரு பெரியவர் கேட்டார்.

“உசிரோட இருக்கணும் எண்டுதான் காக்கா சொல்றன்” என்றார் அவர்.

ஐந்து பேர் ஒரே நேரத்தில், கழுத்தும் முதுகும் இடுப்பும் ஒரே நேராக இருக்கும்படி, என்னைப் பக்கவாட்டில் உருட்டினார்கள். பலகையை அடியில் செருகி, மெதுவாக மல்லாத்தினார்கள். தலையின் இரு பக்கமும் சுருட்டிய சாரங்களை அணைத்து வைத்தார்கள். எத்தனையோ ஜனாஸாக்களைக் கிடத்திய பலகையில் நான் வானத்தைப் பார்த்தபடி போனேன்.

அன்பு வாசகர்களே! மரத்திலிருந்தோ கூரையிலிருந்தோ விழுந்தவரை, வீதி விபத்தில் சிக்கியவரைக் கண்டால், முள்ளந்தண்டு முறிந்திருக்கும் என்றே முதலில் எண்ணிக் கொள்ளுங்கள். முறிந்த எலும்பு இரு முனைகளாக நிற்கிறது. அதன் நடுவில் முண்ணாண் என்னும் மென்மையான நரம்புத் தண்டு ஓடுகிறது. ஆளை வளைத்துத் தூக்கினால், விழுந்தபோது அறுபடாத நரம்பு தூக்கும்போது நசுங்கிவிடலாம். தீ, தண்ணீர், வாகனம் போன்ற உடனடி ஆபத்து இல்லாவிட்டால், நோயாளர் வண்டி வரும்வரை கிடந்த இடத்திலேயே கிடக்க விடுங்கள். நகர்த்தியே ஆக வேண்டுமானால் கதவோ பலகையோ போதும். முச்சக்கர வண்டியில் மடக்கி உட்கார வைப்பது மட்டும் வேண்டாம்.

எங்கள் பகுதிக்கு அல்லாஹ் செய்த இன்னோர் உபகாரத்தையும் சொல்ல வேண்டும். 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் 2009 ஒக்டோபரில் திறக்கப்பட்டிருந்தது. அதற்கு முன்பாக இருந்தால் அந்த முறிந்த முதுகோடு ‘பாதை’க்குக் காத்திருந்து, அதில் ஏற்றி இறக்கித்தான் அக்கரை சேர்ந்திருப்பேன். அன்று திருகோணமலைப் பெரியாஸ்பத்திரிக்கும், அங்கிருந்து ஹபரணை, தம்புள்ளை வழியாகக் கண்டிக்கும் ஒரே படுக்கையில் கொண்டு போனார்கள்.

மரத்த காலில் எரியும் நெருப்பு

நாரிப் பகுதியின் முதலாவது முள்ளெலும்பு நொறுங்கியிருந்தது. மூளையிலிருந்து இறங்கி வரும் முண்ணாண் ஏறக்குறைய அந்த இடத்தில்தான் முடிகிறது. அதற்குக் கீழே கால்களுக்கும் சிறுநீர்ப்பைக்கும் மலக்குடலுக்கும் போகும் நரம்புகள் குதிரையின் வாலைப் போலக் கற்றையாகத் தொங்குகின்றன. கண்டியில் சத்திரசிகிச்சை செய்து, உலோகத் தண்டுகளும் ஸ்குரூ ஆணிகளும் பொருத்தி எலும்பை நிமிர்த்தினார்கள். எலும்பு பொருந்திவிட்டது. நரம்பு அப்படியல்ல. நசுங்கிய நரம்பு ஓரளவுக்குத்தான் மீளும். எவ்வளவு மீளும் என்பது மாதக்கணக்கில் காத்திருந்தே தெரிய வரும்.

பிறகு ராகமையில் உள்ள மறுவாழ்வு வைத்தியசாலையில் மூன்று மாதங்கள். தென்னையிலிருந்து விழுந்தவர், மோட்டார் சைக்கிளில் அடிபட்டவர், கிணற்றில் தவறி விழுந்தவர் என்று பல ஊரார், பல மதத்தார். அங்கே என் மனைவிக்கு ஒரு பெரிய பாடம் கற்றுக் கொடுத்தார்கள். உணர்வில்லாத உடம்பை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இல்லாவிட்டால் எலும்பு அழுத்தும் இடத்தில் இரத்தம் ஓடாமல் படுக்கைப் புண் வந்துவிடும். வீடு வந்த பிறகும் அவள் பல மாதங்கள் மணிக்கூட்டில் எலாரம் வைத்து இரவில் எழுந்தாள். தஹஜ்ஜுதுக்கு எழுந்தவர்களின் பட்டியலில் அல்லாஹ் அவளையும் சேர்த்திருப்பான் என்பது என் நம்பிக்கை.

இன்று ஊன்றுகோலின் துணையோடு நடக்கிறேன். இடது பாதம் தொங்கும்; அதற்கு ஒரு பிளாஸ்டிக் பட்டை மாட்டியிருக்கிறேன். ஆனால் வாசகர்கள் புரிந்து கொள்ள வேண்டியது நடையை அல்ல, வலியைத்தான். அது விசித்திரமான வலி. என் இடது உள்ளங்காலில் ஊசியால் குத்தினால் எனக்குத் தெரியாது. அதே உள்ளங்கால் நள்ளிரவில் அடுப்புத் தணலில் வைத்ததுபோல் எரியும். சில வேளை இடுப்பிலிருந்து குதிகால் வரை மின்சாரம் பாய்ந்தது போல் ஒரு வெட்டு வெட்டும். மரத்துப் போன இடம் எப்படி நோகும்? சேதமடைந்த நரம்பு, வெளியில் ஒன்றும் நடக்காதபோதும், தானாகவே மூளைக்குத் தப்பான செய்தி அனுப்பிக் கொண்டிருக்கிறது. வீட்டில் தீ இல்லை. ஆனால் அபாய மணி மட்டும் ஓயாமல் அடிக்கிறது.

இந்த வலிக்குச் சாதாரண பனடோல் பெரிதாக உதவுவதில்லை. அமிட்ரிப்டிலின், கபாபென்டின், பிரெகபாலின் போன்ற குளிசைகளை வைத்தியர்கள் கொடுக்கிறார்கள். இவற்றில் அமிட்ரிப்டிலின் முதலில் மனச்சோர்வுக்காக வந்த மருந்து. அதனால் அந்தக் குளிசையின் பெயரைத் தெரிந்த ஒருவர், ‘மௌலவிக்கு மண்டையில் ஏதோ பிசகு’ என்று கதை கட்டிவிட்டார். நரம்பு வலிக்கு அதைக் குறைந்த அளவில் கொடுப்பது உலகெங்கும் உள்ள வழக்கம். வைத்தியர் சொன்ன அளவை நாமாகக் கூட்டவோ, திடீரென்று நிறுத்தவோ கூடாது. இவை வலியைக் குறைக்கும், துடைத்தெடுக்காது.

‘நடக்கிறீங்கதானே!’

விபத்து நடந்து சில வருடங்களில் எனக்குத் தூரத்துப் பாடசாலை ஒன்றுக்கு இடமாற்றம் வந்தது. பஸ்ஸில் ஒன்றரை மணித்தியாலம் குலுங்கிப் போக வேண்டும். வைத்தியச் சான்றிதழ்களோடு ஓர் அலுவலகத்துக்குப் போனேன். மேசைக்கு அப்பால் இருந்தவர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “ஆணியெல்லாம் நல்லாத்தானே இருக்கு. நீங்களும் நடக்கிறீங்கதானே!” என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. ஆணி நன்றாகத்தான் இருந்தது. நான் நடந்துதான் போயிருந்தேன். அந்த நடைக்காக அதற்கு முந்திய நாள் முழுதும் படுத்திருந்ததும், அடுத்த இரண்டு இரவுகள் தூங்காமல் கிடந்ததும் எந்த எக்ஸ்ரேயில் விழும்? பிறகு எங்கள் அதிபர் எடுத்து எழுதியதால் இடமாற்றம் நின்றது. ஆனால் அன்று திரும்பி வரும்போது கால் வலியை விட அந்த ‘தானே’தான் அதிகம் வலித்தது.

பள்ளிவாசலிலும் அப்படித்தான். ஒருநாள் அஸருக்குப் பிறகு ஒரு பெரியவர் பாதி வேடிக்கையாகக் கேட்டார்: “கடைக்கு நடக்கிற கால் ருகூஉக்கு மட்டும் மடங்காதா ஹஸரத்?” நடப்பது வேறு, முதுகை வளைப்பது வேறு. ஆணி போட்ட முதுகு நேராக நிற்கும், வளையாது. ஸுஜூதுக்குப் போனால் எழும்ப இரண்டு பேர் வேண்டும். இன்று 10 நிமிடம் நிற்க முடிந்தவன் நாளை 2 நிமிடம் நிற்க முடியாமல் போகலாம். வெயில், குளிர், உறக்கமின்மை, கவலை எல்லாம் இந்த வலியைக் கூட்டும், குறைக்கும்.

வலியை அளக்க ஒரு கருவி இல்லை. நோயாளியின் வாய்தான் கருவி. வலியை ஆராயும் சர்வதேசச் சங்கம் 1979 இல் வலிக்கு ஒரு வரைவிலக்கணம் சொன்னது. 2020 இல் அதைத் திருத்தியபோது, ஒருவர் தமக்கு வலிக்கிறது என்று சொன்னால் அந்தச் சொல் மதிக்கப்பட வேண்டும் என்ற குறிப்பையும் அதனோடு சேர்த்தது. இதை இவ்வளவு காலம் கழித்து எழுதி வைக்க வேண்டியிருந்தது என்றால், உலகம் முழுவதும் நோயாளிகள் நம்பப்படாமல் இருந்திருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்!

எங்கள் முன்னோர்களில் 1037 இல் மரணித்த மேதை இப்னு ஸீனா, தமது ‘அல்கானூன்’ என்ற மருத்துவ நூலில் வலியை 15 வகையாகப் பிரித்திருக்கிறார். குத்தும் வலி, துளைக்கும் வலி, பாரமான வலி, களைப்பூட்டும் வலி என்று பிரித்துக் கொண்டு போகும் அவர், மரத்துப் போகும் வலியையும் தனி வகையாகச் சேர்த்திருக்கிறார். இந்தப் பெயர்கள் நோயாளி வாய் திறந்து சொல்லாமல் ஒரு வைத்தியருக்குத் தெரிந்திருக்க முடியாது. அவர்கள் சொன்னார்கள்; அவர் காது கொடுத்துக் கேட்டார்.

அத்தாட்சி கேட்காத மார்க்கம்

இம்ரான் இப்னு ஹுஸைன் (ரழி) என்ற நபித்தோழருக்கு மூல நோய் இருந்தது. அதுவும் வெளியில் காட்ட முடியாத, சொல்ல வெட்கப்படும் நோய். எப்படித் தொழுவது என்று அவர்கள் நபி (ஸல்) அவர்களிடம் கேட்டார்கள். நின்று தொழலாம், முடியாவிட்டால் இருந்து தொழலாம், அதற்கும் முடியாவிட்டால் விலாப்புறமாகப் படுத்துத் தொழலாம் என்ற அனுமதி அவர்களுக்குக் கிடைத்தது. புகாரியில் வரும் இந்தச் செய்தியை மத்ரஸாவில் ஓதிய ஒவ்வொருவருக்கும் தெரியும். ஆனால் அதில் இல்லாத ஒன்றைக் கவனியுங்கள். ‘எவ்வளவு வலி? நேற்று நடந்தாயே! சாட்சி உண்டா?’ என்ற எந்தக் கேள்வியும் அதில் இல்லை. முடியுமா முடியாதா என்பதை நோயாளியின் மனச்சாட்சிக்கே விட்டுவிட்டார்கள்.

நபி (ஸல்) அவர்களே ஒரு தடவை குதிரையிலிருந்து விழுந்து, வலப் பக்கம் சிராய்ப்புண்டு, அமர்ந்து தொழுதிருக்கிறார்கள். அமர்ந்து தொழுவது ஈமான் குறைந்தவரின் அடையாளம் என்று இனி யார் சொல்லலாம்?

சலுகையை மறுத்தால் என்ன நடக்கும் என்பதற்கும் ஒரு சம்பவம் அபூதாவூதில் வருகிறது. பிரயாணத்தில் தலையில் கல் பட்டுக் காயமடைந்த ஒருவருக்குக் குளிப்புக் கடமையானது. தயம்மும் செய்யலாமா என்று கூட வந்தவர்களிடம் கேட்டார். தண்ணீர் இருக்கிறது, உமக்குச் சலுகை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அவர் குளித்தார், இறந்துவிட்டார். செய்தி எட்டியபோது, அப்படித் தீர்ப்புச் சொன்னவர்களே அவரைக் கொன்றுவிட்டதாக நபி (ஸல்) அவர்கள் கடுமையாகக் கோபித்தார்கள். தெரியாமல் தீர்ப்புச் சொல்வது எவ்வளவு பாரதூரமானது என்பதற்கு இதைவிட என்ன உதாரணம் வேண்டும்?

இன்னொரு விடயம். எழுதக் கூச்சமாக இருந்தாலும் எழுதியே ஆக வேண்டும். முள்ளந்தண்டில் அடிபட்டவர்களில் பலருக்குச் சிறுநீர் கட்டுப்பாடின்றிக் கசியும். அல்லது குழாய் வைத்து எடுக்க வேண்டியிருக்கும். எனக்கும் கசிவு உண்டு. இதனாலேயே ‘நான் அசுத்தமானவன்’ என்று தொழுகையை விட்டவர்களை நான் கண்டிருக்கிறேன். வேண்டாம், சகோதரர்களே! எங்கள் ஷாபிஈ மத்ஹபில் இதற்குத் தெளிவான வழி உண்டு. வக்து வந்த பின் கழுவி, துணியோ பஞ்சோ வைத்துக் கட்டி, வுழூச் செய்து, தாமதிக்காமல் அந்த பர்ளைத் தொழ வேண்டும். அதன் பின் கசிந்தால் தொழுகைக்குப் பழுதில்லை. இப்படிப்பட்டவரைப் பின்பற்றிச் சுகதேகி தொழுவது கூடும் என்பதே மிகச் சரியான கருத்து என்று இமாம் நவவி (ரஹ்) அவர்கள் ‘மின்ஹாஜ்’ நூலில் எழுதியிருக்கிறார்கள். சட்டம் எனக்கு இமாமத்துக்கும் இடம் கொடுத்தது. உடம்புதான் நிச்சயமில்லாமல் இருந்தது. ஆகவே அந்தப் பொறுப்பை இளம் மௌலவி ஒருவரிடம் கொடுத்துவிட்டு, ஸுபஹுக்குப் பின்னான பாடத்தை மட்டும் கதிரையில் இருந்து நடத்துகிறேன்.

‘ஸப்ர் செய்யுங்கள்’ என்று வருபவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். அதற்கு ஐயூப் (அலை) அவர்களை உதாரணம் காட்டுகிறார்கள். அந்த நபி தம் ரப்பிடம் தமது துன்பத்தை வாய்விட்டு முறையிட்டதை அல்குர்ஆன் எடுத்துச் சொல்கிறது. அதே குர்ஆன்தான் அவர்களைப் பொறுமையாளர் என்றும் புகழ்கிறது. அப்படியானால் வலிக்கிறது என்று சொல்வது பொறுமையின்மை அல்ல. நோயாளியின் வாயை அடைப்பதற்கு ஸப்ர் என்ற புனிதமான சொல்லைப் பயன்படுத்தாதீர்கள்.

கடலடியிலும் மூட்டையின் கீழும்

எங்கள் துறைமுகப் பக்கத்தில் இந்தக் கண்ணில் படாத காயம் வேறு வழிகளிலும் வருகிறது. கடலட்டைக்கும் சங்குக்கும் சிலிண்டர் கட்டிச் சுழியோடும் பிள்ளைகளை எடுத்துக் கொள்ளுங்கள். ஒவ்வொரு 10 மீற்றர் ஆழத்துக்கும் இன்னொரு வளிமண்டலத்தின் அமுக்கம் உடம்பில் ஏறுகிறது. சுவாசிக்கும் காற்றிலுள்ள நைதரசன் இரத்தத்திலும் தசையிலும் கரைகிறது. மெதுவாக மேலே வந்தால் அது நுரையீரல் வழியாக வெளியேறிவிடும். அவசரமாக வந்தால், சோடாப் போத்தலின் மூடியைத் திறந்தது போல் உடம்புக்குள் குமிழிகள் கிளம்பும். அவை முண்ணாணைத் தாக்கினால், படகில் ஏறிய சற்று நேரத்தில் கால் விறைக்கும், சிறுநீர் தடைப்படும். உடம்பில் ஒரு கீறல் கூட இராது. ‘களைப்புத்தான், எண்ணெய் தடவினால் சரியாகும்’ என்று வீட்டில் படுக்க வைத்தால் அந்தக் கால் நிரந்தரமாகப் போய்விடலாம். படுக்க வைத்து, ஒட்சிசன் கிடைத்தால் கொடுத்து, உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு போக வேண்டும். இதற்கான அமுக்க அறை திருகோணமலைக் கடற்படைத் தளத்தில் உண்டு. பொதுமக்களான சுழியோடிகளுக்கும் அங்கே சிகிச்சை அளிக்கப்பட்டிருக்கிறது. மீண்டும் கடலில் இறக்கிச் சரிசெய்யலாம் என்று முயல்வது மிகவும் ஆபத்தானது.

மாவும் சீமெந்தும் நெல்லும் சுமக்கும் தொழிலாளிகளின் முதுகு வேறொரு கதை. ஒரு வளர்ந்த ஆண் தொடர்ந்து கையால் சுமக்கும் பாரம் 55 கிலோவுக்கு மேற்படக் கூடாது என்று சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் 1967 லேயே பரிந்துரைத்தது. முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள தட்டு பிதுங்கி நரம்பை அழுத்தும்போது நாரி நோ காலுக்கு இறங்கும். பெரும்பாலான நாரி நோக்கள் சில வாரங்களில் தானாக இறங்கிவிடும். ஆனால் கால் பலமிழந்தாலோ, அமரும்போது இருக்கையில் படும் இடம் மரத்தாலோ, சிறுநீரோ மலமோ அடக்க முடியாமல் அல்லது வெளியேறாமல் போனாலோ, ஒரு நாள் கூடத் தாமதிக்கக் கூடாது. முறிவு நெரிவு வைத்தியரின் கையும் எண்ணெயும் அந்த வேளைக்குரியவை அல்ல.

கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. முதுகு நோவுக்கு அங்கே போய் வெந்நீர் வார்ப்பவர்கள் உண்டு. இதமாக இருக்கும் என்பது உண்மை. ஆனால் உணர்வு மரத்த காலுக்குச் சூடு தெரியாது. வீட்டு வெந்நீர் ஒத்தடமும் அப்படித்தான். முதலில் உணர்வுள்ள முழங்கையால் சூட்டைப் பார்த்த பிறகே ஊற்ற வேண்டும்.

கதிரையிலிருந்து எழுந்த சேவை

ராகமையில் இருந்தபோது ஒரு வைத்தியர் எனக்கு இரண்டு பேரின் வரலாற்றைச் சொன்னார். பிறகு நானே தேடி வாசித்தேன்.

ஒருவர் டொக்டர் மேரி வர்கீஸ். கேரளத்தவர், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றியவர். 1954 இல் வாகன விபத்தில் முள்ளந்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். அங்கே டொக்டர் போல் பிராண்ட் என்பவர், தொழுநோயாளிகளின் விரல்கள் தேய்ந்து போவதற்கு அவர்களுக்கு வலி தெரியாமல் இருப்பதே முக்கிய காரணம் என்று கண்டறிந்து, அவர்களது கைகளுக்குச் சத்திரசிகிச்சை செய்து கொண்டிருந்தார். மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே அந்தச் சத்திரசிகிச்சைகளைச் செய்யக் கற்றார். பின்னர் நியூயோர்க் சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்று வந்து, வேலூரில் அதற்கென ஒரு துறையையே கட்டியெழுப்பினார். 1966 இல் அங்கே தங்கிச் சிகிச்சை பெறும் மறுவாழ்வு நிலையம் ஏற்பட்டது. 1972 இல் அவருக்கு இந்திய அரசு பத்மஸ்ரீ விருது வழங்கியது.

மற்றவர் தமிழ்நாட்டின் ஆய்க்குடியைச் சேர்ந்த திரு. எஸ். ராமகிருஷ்ணன். பொறியியல் மாணவராக இருந்த அவர், 1975 இல் கடற்படை அதிகாரித் தேர்வுக்காகப் பெங்களூர் போன இடத்தில் விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். 1981 இல் தமது ஊரிலேயே அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தமக்குச் சிகிச்சையளித்த இராணுவ வைத்தியர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரையே அதற்கு வைத்தார். அங்கவீனமான பிள்ளைகளுக்குக் கல்வியும் சிகிச்சையும் தொழிற்பயிற்சியும் அங்கே கிடைக்கின்றன. 2020 இல் அவருக்கும் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது.

இருவரும் வேறு மதத்தவர்கள். அவர்களது வரலாற்றில் என்னைத் தொட்டது விருதுகள் அல்ல. ‘உன்னால் முடியாதது இது, முடிவது இது’ என்று அவர்கள் சொன்னதை நம்பி, முடிந்ததைச் செய்வதற்கு இடம் கொடுத்த மனிதர்கள் சுற்றிலும் இருந்தார்கள். சக்கர நாற்காலியின் உயரத்துக்கு யாரோ ஒருவர் சத்திரசிகிச்சை மேசையைத் தாழ்த்தித் தந்திருக்க வேண்டும் அல்லவா!

வீட்டாருக்கும் ஜமாஅத்தாருக்கும்

போல் பிராண்ட் கண்டது என் காலுக்கும் பொருந்தும். வலி ஒரு நிஃமத் என்பதை வலி தெரியாத பாதம்தான் கற்றுத் தந்தது. ஒரு ஜும்ஆ நாளில் பள்ளி முற்றத்துச் சீமெந்தில் வெறுங்காலோடு நடந்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் உள்ளங்காலில் தோல் கொப்பளித்திருந்தது. அன்று முதல் இரவுதோறும் என் இளைய மகள் முகம் பார்க்கும் கண்ணாடியைப் பிடித்து, “வாப்பா, இண்டைக்கு ஒண்டும் இல்ல” என்று சொன்ன பிறகே தூங்கப் போவாள். காலுறையோடு முற்றத்தைக் கடக்கிறேன். உணர்வு மரத்த கால் உள்ள எல்லோரும், நீரிழிவுக்காரர்கள் உட்பட, இந்தப் பழக்கத்தை வைத்துக் கொள்ள வேண்டும்.

வகுப்பில் 20 நிமிடம் இருந்தால் 5 நிமிடம் சுவரில் சாய்ந்து நிற்பேன். இயன்மருத்துவர் சொல்லித் தந்த பயிற்சியை, நோவு குறைந்த நாளிலும் விடுவதில்லை. கூடிய நாளில் கொஞ்சமாகச் செய்வேன். நல்ல நாள் கிடைத்தது என்று இரண்டு நாள் வேலையை ஒரே நாளில் செய்தால், அடுத்த மூன்று நாள் படுக்கைக்குப் போய்விடும்.

பள்ளிவாசல் நிர்வாகிகளே! இலங்கையில் வலது குறைந்தோரின் உரிமைகளுக்கான 28 ஆம் இலக்கச் சட்டம் 1996 இலேயே வந்துவிட்டது. பொதுக் கட்டடங்களுக்குள் அவர்கள் வந்து போக வசதி வேண்டும் என்ற ஒழுங்கு விதிகளும் 2006 இல் வந்தன. பளிங்கு பதிக்கவும் மினாரா உயர்த்தவும் இலட்சக் கணக்கில் வசூலிக்கிறோம். வாசற்படியின் ஓரத்தில் ஒரு சாய்வுத் தளம், வுழூச் செய்யும் இடத்தில் பிடித்துக் கொள்ள ஓர் இரும்புக் கம்பி, ஒரே ஒரு கொமட் மலசலகூடம் ஆகியவற்றுக்கு எவ்வளவு செலவாகிவிடும்? அவை இல்லாததனால் ஜமாஅத்துக்கு வராமல் வீட்டில் கிடப்பவர் யார் யார் என்று ஒரு தடவை எண்ணிப் பாருங்கள்.

நோய் விசாரிக்கப் போகிறவர்கள் கை வைத்தியத்தையும் அறிவுரையையும் வாசலிலேயே விட்டுவிட்டுப் போங்கள். ‘இன்றைக்கு எப்படி இருக்கிறது?’ என்று கேளுங்கள். அவர் சொல்வதைக் குறுக்கே பேசாமல் கேளுங்கள். மனைவிமாரே, தாய்மாரே! உங்களுக்கும் முதுகு இருக்கிறது. தூக்கும்போது துணைக்கு ஆள் கூப்பிடுங்கள். ஓர் இரவாவது உங்களுக்குப் பதிலாக ஒருவர் விழித்திருக்கட்டும்.

அடுத்த தடவை உங்கள் பக்கத்தில் வாட்டசாட்டமான ஒருவர் கதிரையை இழுத்துப் போட்டு அமர்ந்தால், அவருக்கு என்ன நோய் என்று நீங்கள் அறிந்துகொள்ள வேண்டியதில்லை. ஸப்பில் அவருக்கு இடம் விட்டு நின்றால் போதும்.

வெளியில் தெரியும் நோய்க்கும் தெரியாத நோய்க்கும் ஷிஃபாவைத் தருபவன் அல்லாஹ் ஒருவனே. நோயுற்றோருக்கு ஆரோக்கியத்தையும், அவர்களைத் தாங்குவோருக்குத் தெம்பையும், அவர்களைச் சூழ இருப்போருக்கு இரக்கமுள்ள இதயத்தையும் அவன் தந்தருள்வானாக! ஆமீன்.